நடுவர் முன் நின்ற பெண் – 'ஃப்ரீஹெல்ட்' ஆவணப்படம் குறித்து ஒரு திறனாய்வு

சில படைப்புகளின் தலைப்பிலேயே அவற்றின் வழக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது. சிந்தியா வேட் இயக்கிய 'ஃப்ரீஹெல்ட்' என்னும் 38 நிமிட ஆவணப்படம் அத்தகைய ஒன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மாவட்டத்தை ஒத்த 'கவுண்டி' என்னும் நிர்வாகப் பிரிவை ஆளும் குழுவின் உறுப்பினரை 'ஃப்ரீஹோல்டர்' என்று அழைப்பது நெடுங்கால வழக்கம். தனக்கு மேல் நிலக்கிழார் எவருமின்றி முழு உரிமையோடு நிலம் வைத்திருப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். நிலமுடையோர்க்கே ஆட்சி மன்றத்தில் இடம் என்றிருந்த ஆங்கிலேயர் குடியேற்றக் காலத்தின் எச்சம் அது. 2020-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வழியாக, 2021 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் அப்பெயர் வழக்கொழிந்தது. அச்சொல்லைச் சற்றே திருப்பி 'ஃப்ரீஹெல்ட்' என்று தம் படத்துக்குப் பெயரிட்ட இயக்குநர், உரிமை யாருடைய கையில் இருக்கிறது, அதை யார் யாருக்குத் தர மறுக்கிறார்கள் என்னும் வினாவைத் தலைப்பிலேயே எழுப்பிவிடுகிறார்.

2007-இல் வெளிவந்த இப்படம், 2008-இல் சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. 2015-இல் இதே பெயரில் பீட்டர் சோலெட் இயக்க, ஜூலியான் மூர் நடித்த முழுநீளத் திரைப்படமும் வந்தது. ஒரே பாலினத்தார் திருமணம் பற்றிய படத்தை ஒரு மறைமாவட்ட இலக்கிய இதழில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். அந்த வழக்கில் ஆட்சியாளர் எடுத்தாண்ட சொல், 'திருமணத்தின் புனிதம்' என்பதாகும். அது நம்முடைய சொல். மறையுரைகளிலும் திருமணத் தயாரிப்பு வகுப்புகளிலும் நாம் கேட்டுப் பழகிய சொல். நம் கருவூலத்துச் சொல்லை ஒருவர் எடுத்து வேறொருவரின் வாசலை அடைக்கப் பயன்படுத்தும்போது, அது தகுமா, தகாதா என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

வழக்கின் வரலாறு

லாரல் ஹெஸ்டர், நியூ ஜெர்சியின் கடலோரப் பகுதியான ஓஷன் கவுண்டியில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் புலனாய்வுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி, லெஃப்டினன்ட் பதவிக்கு உயர்ந்தவர். ஸ்டேசி ஆண்ட்ரீ என்னும் பெண்ணோடு பாயின்ட் பிளசன்ட் என்னும் ஊரில் ஒரு வீடு வாங்கி வாழ்ந்துவந்தார். ஸ்டேசி வாகனப் பழுதுநீக்கும் தொழிலாளி. 2004-இல் லாரலுக்கு நுரையீரல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நோய் பின்னர் மூளைக்கும் பரவியது. தாம் இறந்த பிறகு, ஒருவரின் ஊதியத்தை மட்டும் கொண்டு வீட்டுக் கடனைக் கட்ட இயலாது. ஸ்டேசி வீட்டை இழக்க நேரிடும் என்னும் கவலை அவரை வாட்டியது. ஆகவே தம் குடும்ப ஓய்வூதியத்தை ஸ்டேசிக்கு வழங்குமாறு கவுண்டியின் ஃப்ரீஹோல்டர்களிடம் விண்ணப்பித்தார்.

குடும்ப ஓய்வூதியம் என்றால் என்ன என்பதை நம் வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருந்த கணவர் மறைந்த பின், மாதந்தோறும் வரும் அந்தத் தொகையைக் கொண்டு வாழும் தாய்மார்கள் நம் பங்குகள் அனைத்திலும் உள்ளனர். அது யாரும் இரங்கி இடும் பிச்சையன்று. உழைத்தவர் தம் உழைப்பின் ஒரு பகுதியாக ஈட்டி வைத்த பாதுகாப்பு. லாரலின் உடன் பணியாளர் ஒருவர் இறந்தால், அவருடைய கணவரோ மனைவியோ அத்தொகையை வழக்காடாமல் பெறுவார். லாரல் அதைக் கேட்டு மன்றத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது.

இங்கே சட்டத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 2004-இல் நியூ ஜெர்சி மாநிலம் இல்லத்துணைவர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மாநில அரசின் நேரடி ஊழியர்கள் தம்மோடு பதிவு செய்துகொண்ட ஒரே பாலினத் துணைவருக்கு ஓய்வூதியப் பயனை அளிக்க அது வழி செய்தது. ஆனால் கவுண்டி, நகராட்சி ஊழியர்களைப் பொறுத்தவரை, அந்தந்த ஆட்சிக் குழுவே விரும்பினால் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. தலைநகரத்து அலுவலகத்தில் எழுதும் எழுத்தருக்கு இயல்பாய்க் கிடைத்த ஒன்று, கவுண்டியில் உயிரைப் பணயம் வைத்துப் பணிபுரிந்த காவல் அலுவலருக்கு ஐந்து பேரின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. அந்த ஐவரும் மறுத்தனர். செலவு கூடும் என்பது ஒரு காரணம். திருமணத்தின் புனிதத்துக்கு ஊறு நேரும் என்பது மற்றொன்று.

முதல் காரணத்தை நிறுத்துப் பார்ப்பது எளிது. விவாதிக்கப்பட்ட தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 டாலர். கவுண்டியின் மக்கள்தொகை 5 இலட்சத்துக்கும் மேல். ஒரு குடிமகனுக்கு ஆண்டுக்கு மூன்று சென்ட்டுகூட வராது. எனவே உண்மையான காரணம் இரண்டாவதே. காவல் துறைத் தோழர்களும் ஊர் மக்களும் கூட்டம் கூட்டமாக மன்றத்துக்கு வந்து வேண்டினர். செய்தி நாடெங்கும் பரவியது. 2006 ஜனவரியில் குழு தன் முடிவை மாற்றிக்கொண்டு ஓய்வூதியத்தை வழங்க இசைந்தது. சில வாரங்களில், பிப்ரவரி 18 அன்று, லாரல் தம் 49-ஆம் வயதில் இறந்தார்.

படம் சொல்லும் முறை

இயக்குநர் இரண்டு இடங்களை மாறி மாறிக் காட்டுகிறார். ஒன்று மன்றத்தின் கூட்ட அறை. மற்றொன்று லாரலும் ஸ்டேசியும் வாழ்ந்த வீடு. கூட்ட அறையில் பேச்சு மிகுதி. வீட்டில் பேச்சு குறைவு. மன்றத்தில் 'புனிதம்' பேசப்படும் அதே நாள்களில், வீட்டில் ஒரு பெண் நோயுற்ற மற்றொரு பெண்ணைத் தாங்கிப் பிடித்து நடத்துகிறாள். இரண்டையும் அருகருகே வைத்ததோடு இயக்குநர் நிறுத்திக்கொள்கிறார். இடையில் புகுந்து நீதி உரைக்கவில்லை. கண்ணீரை வரவழைக்க முயலவுமில்லை. நோயின் வளர்ச்சியே கதையின் கடிகாரமாக அமைகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் லாரலின் மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. அடுத்த கூட்டத்துக்கு நேரில் வர இயலுமா என்னும் ஐயம், வாதங்கள் எதனையும்விட வலுவாகப் பார்ப்பவர் நெஞ்சைப் பற்றுகிறது.

படத்தில் மறக்க இயலாத மற்றொருவர் டேன் வெல்ஸ். லாரலோடு நெடுங்காலம் இணைந்து துப்புத் துலக்கிய இவர், ஓரினக் காதலர் இயக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். எந்தப் புரட்சியையும் நாடியவரும் அல்லர். தம்மோடு உழைத்த தோழிக்கு உரியது கிடைக்கவில்லை என்பதைக் கண்டார், எழுந்து நின்றார். கொள்கையால் ஒன்றுபடாதவர்களும் நட்பால் ஒன்றுபடக்கூடும் என்பதற்கு அவரே சான்று. நல்ல சமாரியர், அடிபட்டுக் கிடந்தவரின் வழிபாட்டு முறை சரியா என்று விசாரித்த பிறகு காயத்தைக் கட்டவில்லை என்பதை அவரைக் காணும்போது நினைக்கத் தோன்றுகிறது.

2015-இன் முழுநீளப் படம் இதே கதையைத் திறமையான நடிகர்களைக் கொண்டு விரித்துரைக்கிறது. ஆனால் விரிந்ததால் ஆழம் கூடவில்லை. அதில் குறிப்பிடத்தக்க ஓர் இழை உண்டு. இயக்கத்தின் தலைவர் திருமண உரிமை என்று முழங்க, லாரலும் டேனும் ஓய்வூதியத்தையே பேசுகின்றனர். போராட்டங்களின் பெரிய முழக்கத்துக்கும் அதில் சிக்கிய தனி மனிதரின் சிறிய தேவைக்கும் இடையிலுள்ள இழுபறியை அந்த இழை நேர்மையாகக் காட்டுகிறது. இப்படத்தின் சில காட்சிகளைப் படமாக்க இடம் தர இசைந்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்று, கதையின் பொருளை அறிந்து 2014-இல் அனுமதியைத் திரும்பப் பெற்றது. தன் கொள்கைக்கு ஒவ்வாத படத்துக்கு இடம் தர மறுக்கும் உரிமை ஒரு பள்ளிக்கு உண்டு. எனினும், ஒரு காவலரின் ஓய்வூதியம் பற்றிய கதைக்கு நம் வளாகத்தில் நிற்க இடமில்லாமற் போனது வருந்தத்தக்கதே.

நம் போதனையும் ஒரு சோதனையும்

திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே நிகழும், உயிர்ப்பேற்றுக்குத் திறந்த உடன்படிக்கை என்பதும், திருமுழுக்குப் பெற்றோரிடையே அது திருவருட்சாதனம் என்பதும் திருச்சபையின் மாறாத போதனை. இக்கட்டுரை அதனை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதே திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலில், தன்பாலின ஈர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும், அவர்கள்மீது நேர்மையற்ற பாகுபாட்டின் சாயல்கூட விழலாகாது என்றும் கற்பிக்கிறது. இரண்டும் ஒரே நூலில் உள்ள போதனைகள். முதலாவதைச் சொல்லும் நா இரண்டாவதையும் சொல்லக் கடமைப்பட்டது.

2003-இல், கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், ஒரே பாலினத்தார் இணைவுக்குச் சட்ட ஏற்பு வழங்குவது பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. அத்தகைய ஏற்பைக் கத்தோலிக்கர் எதிர்க்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அப்படி எதிர்ப்பதால் அம்மனிதர்கள் தம் உரிமைகளை இழந்துவிடுவார்களே என்னும் கேள்வியை அது தவிர்க்கவில்லை. எல்லாக் குடிமக்களையும்போல அவர்களும் பொதுச் சட்டத்தின் ஏற்பாடுகளைப் பயன்படுத்தித் தம் பொது நலன்களைக் காத்துக்கொள்ள முடியும் என்று அது பதிலும் தந்தது.

லாரலின் வழக்கு, அப்பதிலைச் சோதித்துப் பார்க்க வாய்த்த உரைகல் எனலாம். வீட்டில் தமக்குள்ள பங்கை அவர் உயிலில் எழுதலாம். வங்கிச் சேமிப்பையும் எழுதலாம். மருத்துவ முடிவுகளை எடுக்கும் அதிகாரத்தை ஸ்டேசிக்கு எழுதிக் கொடுக்கலாம். இவ்வளவும் பொதுச் சட்டம் தரும் வழிகள். ஆனால் குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுத இயலாது. அது சட்டம் குறிக்கும் உறவினருக்கே செல்லும். வேறொருவர் பெயரைக் குறிக்க எந்த ஒப்பந்தமும் உதவாது. அரசு சில நலன்களை 'கணவன்', 'மனைவி' என்னும் சொற்களோடு பிணைத்து வைத்திருக்கிறது. அச்சொற்கள் இல்லாதவர் எந்த உயிலாலும் அவற்றை அடைய முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2004-இல் கணக்கிட்டபோது, திருமண நிலையைப் பொறுத்து அமையும் கூட்டாட்சிச் சட்ட விதிகள் 1,138 எனக் கண்டது. பேராயத்தின் பதில் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆயினும் அந்த 1,138 விதிகளின் முன் அது போதவில்லை. 'வேறு வழி இருக்கிறது' என்று சொல்பவர், அவ்வழி உண்மையில் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வது நேர்மையாகும்.

எதிர்ப்பின் விலை

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம், திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவதே எனக் கூட்டாட்சிச் சட்டத்தில் வரையறுத்தது. 2004 நவம்பர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் மட்டும் 11 மாநிலங்கள் ஒரே பாலினத்தார் திருமணத்தைத் தடுக்கும் திருத்தங்களைத் தம் அரசமைப்பில் சேர்த்தன. 2008-இல் கலிஃபோர்னியாவில் இத்தகைய திருத்தத்துக்கு ஆதரவாகக் கத்தோலிக்க ஆயர்கள் குரல் கொடுத்தனர். 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு 10 இலட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை அளித்தது. இவற்றைச் செய்தவர்களில் பலர் வெறுப்பால் செய்யவில்லை; குடும்பம் என்னும் அமைப்பைக் காக்கிறோம் என்று நம்பியே செய்தனர். அதை மறுப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் நல்ல நோக்கம் விலையைக் குறைத்துவிடுவதில்லை.

அந்த விலையை ஓரளவு அளந்தும் இருக்கிறார்கள். 2004, 2005 தேர்தல்களில் இத்தகைய தடைத் திருத்தங்களை நிறைவேற்றிய மாநிலங்களில் வாழ்ந்த தன்பாலின, இருபாலின ஈர்ப்புடையோரின் மனநலத்தை, தேர்தலுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனச்சோர்வு உள்ளிட்ட மனநிலைக் கோளாறுகள் அவர்களிடையே 36.6 விழுக்காடு கூடியிருந்தன. தம் அண்டை வீட்டாரும் உடன் பணியாளரும் தம்மைப் பற்றி வாக்களிக்கக் கண்டவர்களின் நெஞ்சில் ஏற்பட்ட புண் அது.

எதிர்ப்பாளர் ஒருவர் இங்கே இப்படிக் கேட்கலாம்: "ஓய்வூதியத்தைக் கொடுத்தால் நாளை திருமணத்தையே கேட்பார்கள் என்று அஞ்சினோம், அதுதானே நடந்தது?" நடந்தது உண்மைதான். நியூ ஜெர்சியில் 2007-இல் குடிமை இணைவும் 2013-இல் திருமணமும் சட்டமாயின. 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாடு முழுவதும் திருமணம் ஏற்கப்பட்டது. ஆனால் அத்தீர்ப்புகளை உண்டாக்கிய வழக்குகள் எங்கே தொடங்கின என்று பார்க்க வேண்டும். எடித் வின்ட்சர் என்னும் முதியவர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தம்மோடு வாழ்ந்த தியா ஸ்பையரின் சாவுக்குப் பின் 3,63,053 டாலர் மரபுரிமை வரி கட்ட நேர்ந்தது. கணவனை இழந்த மனைவியாயின் ஒரு காசும் கட்ட வேண்டியிராது. அந்த வரிச்சீட்டிலிருந்து பிறந்ததே 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒஹாயோவின் ஜிம் ஓபர்கஃபெல், நரம்பு நோயால் இறந்துகொண்டிருந்த ஜான் ஆர்தரை, ஒரு மருத்துவ விமானத்தில் வேறு மாநிலத்துக்குக் கொண்டுசென்று, அவ்விமானத்துக்குள்ளேயே மணந்தார். இறப்புச் சான்றிதழில் தம் பெயர் துணைவராக இடம்பெற வேண்டும் என்பதே அவர் கேட்டது. 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஒரு வரிச்சீட்டு, ஒரு இறப்புச் சான்றிதழ், ஒரு ஓய்வூதியம். கேட்டவை இவையே. இவற்றைக்கூடத் திருமணத்தின் பெயரால் மறுத்தபோது, திருமணம் என்னும் பெயர் இன்றி இவற்றில் எதுவும் கிட்டாது என்னும் முடிவுக்கு அவர்களை நாமே தள்ளிச்சென்றோம். சிறியதை மறுத்தவர்களே பெரியதற்கு வழி அமைத்தார்கள் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

செலொபுகாதின் புதல்வியர்

வேறு வழி இல்லாமல் இருந்ததா? இருந்தது; அதுவும் நம் திருச்சபைக்குள்ளேயே இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சி, தன்னோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனங்கள் ஊழியரின் இல்லத்துணைவருக்கும் மணத்துணைக்கு இணையான பயன்களைத் தர வேண்டும் என்று விதித்தது. கத்தோலிக்க அறப்பணி நிறுவனம் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1997-இல் அப்போதைய பேராயர் வில்லியம் லெவாடா ஓர் ஏற்பாட்டைக் கண்டார். ஒவ்வோர் ஊழியரும் தம் இல்லத்தில் சட்டப்படி உடன் வாழும் ஒருவரைப் பயன்பெறுபவராகக் குறிக்கலாம். அவர் மனைவியோ, முதிய தாயோ, சகோதரியோ, வேறு எவரோ ஆகலாம். உறவு எத்தகையது என்று நிறுவனம் கேட்காது. திருமணம் பற்றிய போதனையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மருத்துவக் காப்பின்றி எவரும் விடப்படவுமில்லை. இதே லெவாடாதான் 2005-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக, ராட்சிங்கருக்கு அடுத்தபடியாக, பொறுப்பேற்றார் என்பதையும் கருத வேண்டும். கோட்பாட்டில் உறுதியாய் இருப்பவருக்கும் இத்தகைய வழி தென்படும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஓஷன் கவுண்டியின் ஐவரும் இதுபோன்ற ஒரு வழியை முதல் கூட்டத்திலேயே தேடியிருந்தால், இறக்கும் தறுவாயிலிருந்த ஒரு பெண் தம் கடைசி மாதங்களை மன்றத்தின் வாயிலில் செலவிட்டிருக்க மாட்டார்.

எண்ணிக்கை நூலின் 27-ஆம் அதிகாரத்தில், செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன்னும் குருவின் முன்னும் மக்கள் சபை அனைத்தின் முன்னும் வந்து நிற்கின்றனர். தந்தைக்கு ஆண்மகவு இல்லை; சட்டத்தில் பெண்களுக்கு உரிமைப்பங்கு இல்லை. தங்களுக்குரிய நிலத்தை அவர்கள் கேட்கின்றனர். மோசே சட்டத்தை எடுத்துக்காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கை ஆண்டவரிடம் கொண்டுசெல்கிறார். அப்பெண்கள் கேட்டது முறையே என்று ஆண்டவர் தீர்ப்பளிக்கிறார். பின்னர் 36-ஆம் அதிகாரத்தில், குலத்தின் நிலம் கைமாறிவிடும் என்று அஞ்சிய முதியோர் வந்து முறையிட, அவர்களுடைய அச்சத்துக்கும் அங்கே விடை தரப்படுகிறது. மரபைக் காக்க விழைந்தோரும் உரிமை கேட்டோரும் ஒருசேரக் கேட்கப்பட்டனர். அப்பெண்களின் வழக்கு வேறு, இது வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஆட்சிப் பொறுப்பில் இருப்போர் ஒரு மனுவைக் கையாள வேண்டிய முறைக்கு அது இன்றும் இலக்கணமாக நிற்கிறது.

படத்தின் குறைகள்

பாராட்டுக்கிடையே குறைகளையும் சுட்டுவது திறனாய்வின் கடன். ஆவணப்படத்தின் முதன்மைக் குறை, மறுத்தவர்களின் உள்ளத்துக்குள் அது நுழையாமையே. ஐந்து ஃப்ரீஹோல்டர்களும் மேசைக்குப் பின்னால் அமர்ந்த இறுகிய முகங்களாகவே எஞ்சுகின்றனர். அவர்களும் யாரோ ஒருவருக்குத் தந்தை, யாரோ ஒருவருக்கு நண்பர். அவர்கள் எதற்கு அஞ்சினர்? 2006 ஜனவரியில் அவர்கள் மனம் மாறினரா, அல்லது நாளிதழ்களுக்கும் தம் கட்சி மேலிடத்துக்கும் பணிந்தனரா? படம் இதைத் துருவவில்லை. முழுநீளப் படம் இக்குறையை உணர்ந்து, மனச்சான்று உறுத்தும் ஓர் உறுப்பினரைப் புனைந்து சேர்த்தது. புனைந்ததாலேயே அவர் நிழலாக நின்றுவிட்டார்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. லாரல் பதக்கத்துக்குரிய காவலர், நோயாளி, கண்ணியமாகப் பேசுபவர். அவர் பக்கம் நிற்பது பார்ப்பவர்க்கு எளிது. அவருடைய இடத்தில், எவரும் அறியாத, எரிந்து விழும் இயல்புடைய ஒரு கடைநிலை எழுத்தர் இருந்திருந்தால் மக்கள் திரண்டிருப்பார்களா? ஒளிப்படக் கருவி வந்திருக்குமா? நேர்மையற்ற நடுவரும் கைம்பெண்ணின் தொல்லை தாங்காமல்தான் நீதி வழங்கினார் என்று ஆண்டவர் இயேசு உரைத்த உவமையில், அந்த நடுவரை அவர் நமக்கு முன்மாதிரியாக வைக்கவில்லை. விளம்பரத்துக்குப் பணிந்து தரப்படும் நீதி, விளம்பரம் கிட்டாத ஆயிரம் பேரை வாயிலிலேயே விட்டுவிடுகிறது. படம் தன் வெற்றியில் மகிழ்ந்து இக்கேள்வியைக் கேட்காமல் முடிகிறது.

எனினும் இக்குறைகள் படத்தின் பயனை அழித்துவிடவில்லை. திருச்சபை தன் போதனையில் நின்றுகொண்டே மனிதரை எவ்வாறு அணுகுவது என்று தேடிக்கொண்டிருக்கும் காலம் இது. திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2023 டிசம்பரில், திருமணக் கோட்பாட்டை மாற்றாமலே, ஒரே பாலின இணையருக்கு வழிபாட்டுச் சடங்கு சாராத எளிய ஆசி வழங்க இடமளிக்கும் அறிக்கை வெளிவந்தது. அதை வரவேற்றோரும் உண்டு, வருந்தியோரும் உண்டு. போதனையைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றையொன்று வெல்ல வேண்டிய போட்டியல்ல என்னும் அளவிலேனும் இரு சாராரும் உடன்படலாம்.

பொதுநிலையினராகிய நாம் வாக்களிக்கிறோம், மனுக்களில் கையெழுத்திடுகிறோம், சிலர் நகராட்சியிலும் ஆட்சி மன்றங்களிலும் அமர்கிறோம். ஒரு சட்டத்தை நம் நம்பிக்கையின் பெயரால் எதிர்க்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையோடு ஒரு கணக்கும் வருகிறது: இந்த எதிர்ப்பின் செலவை யார் கட்டுகிறார்? நாமா, வேறொருவரா? வேறொருவர் எனில், அவர் பெயர் நமக்குத் தெரியுமா? அவர் வீட்டுக் கடன் எவ்வளவு? அவரைத் தாங்கிப் பிடித்திருப்பவர் நாளை எங்கே தங்குவார்? ஓஷன் கவுண்டியில் அந்தக் கணக்கு ஆண்டுக்கு 13,000 டாலரும், இறக்கும் ஒரு பெண்ணின் கடைசி மாதங்களும் ஆகும். புனிதம் என்னும் சொல்லை உச்சரிக்கும் முன், நாம் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.